தலைக்கு வந்தது

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்று சொல்லிவைத்த பெரியவர் டூவீலர் ஓட்டியிருக்க மாட்டார். ஓட்டியிருந்தால், தலைப்பாகை போன பிறகும் உள்ளே ஒரு சமாச்சாரம் பாக்கி இருக்கிறது என்பது தெரிந்திருக்கும்.

தமிழில் தலைக்கு இருக்கிற மரியாதை வேறு எந்த உறுப்புக்கும் கிடையாது. தலைவர், தலைநகரம், தலை தீபாவளி, தலையெழுத்து. நடைமுறையில்தான் கொஞ்சம் சறுக்கல். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்த்தி வைத்து ஊர் சுற்றிக் காட்டுகிறோம். சிக்னலில் போலீஸ்காரரைப் பார்த்ததும் டேங்கிலிருந்து தலைக்கு அவசர டிரான்ஸ்ஃபர். சிக்னல் தாண்டியதும் மறுபடி பழைய சீட்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் தலைக்காய ஆபத்தை 69 சதவிகிதமும், உயிரிழக்கும் ஆபத்தை 42 சதவிகிதமும் குறைக்கிறது என்று காக்ரேன் என்கிற மருத்துவ அமைப்பு, பல நாட்டு ஆராய்ச்சிகளைக் கூட்டிக் கழித்து 2008-ல் சொல்லிவிட்டது. ஆகவே அதில் விவாதம் இல்லை. போட்டுக்கொள்ளுங்கள்.

நான் பேச வந்தது அதற்கு அடுத்த கட்டம். விழுந்தாயிற்று. எழுந்தாயிற்று. மண்டை உடையவில்லை. சி.டி. ஸ்கேன் நார்மல். டாக்டர், "ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார். அதன் பிறகு வருகிற பதினைந்து நாள் இருக்கிறதே, அதைப் பற்றி. ஆங்கில வைத்தியத்தில் இதற்குப் பெயர் கன்கஷன். மூளை அதிர்ச்சி என்று தமிழில் சொல்லலாம். சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் அதிர்ச்சியாகிவிடும் என்பதால் கன்கஷன் என்றே வைத்துக்கொள்வோம்.

★

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இந்த வார்த்தை பழக்கம்தான். 2019 ஆகஸ்ட்டில் லார்ட்ஸ் மைதானம். ஜோஃப்ரா ஆர்ச்சர் போட்ட பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டு ஆளைத் தரையில் சாய்த்தது. அப்போது ஸ்மித் 80 ரன். உள்ளே போனார், பரிசோதித்தார்கள், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து 92-ல் அவுட் ஆனார். சுபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் காலை எழுந்தால் தலைவலி, மந்தம். ஆட்டத்திலிருந்து விலக்கினார்கள். அவருக்குப் பதில் இறங்கிய மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் சரித்திரத்தின் முதல் கன்கஷன் மாற்று ஆட்டக்காரர். 59 ரன் அடித்தார்.

அடுத்த வருஷம், 2020 டிசம்பரில், கான்பெராவில் நம்ம ஜடேஜா. கடைசி ஓவரில் ஸ்டார்க் போட்ட பந்து ஹெல்மெட்டில் பட்டது. இன்னிங்ஸ் முடிந்ததும் டாக்டர்கள் பார்த்து உட்காரவைத்துவிட்டார்கள். பதிலுக்கு வந்த சஹல் 3 விக்கெட் எடுத்து மேன் ஆஃப் த மேட்ச் வாங்கினார். அதே ஆட்டத்தில் நம் சேலத்து நடராஜனும் தன் முதல் சர்வதேச டி-20-யில் 3 விக்கெட் எடுத்தது நமக்குக் கூடுதல் சந்தோஷம். மாற்று ஆள் விஷயத்தில் ஆஸ்திரேலியா கோச் ரெஃப்ரியிடம் வாதாடியது தனிக் கதை.

இந்த இரண்டு கதையிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அடிபட்ட பிறகு இருவரும் மறுபடி பேட் பிடித்தார்கள். நின்றார்கள், ஓடினார்கள், ரன் எடுத்தார்கள். மயங்கி விழவில்லை. கன்கஷனுக்கு மயக்கம் கட்டாயம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு மயக்கமே வருவதில்லை. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், சாவகாசமாக வந்து சேரும்.

கிரிக்கெட்காரருக்கு மாற்று ஆள் உண்டு. ஸ்மித் அடுத்த டெஸ்ட்டையே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு அடுத்த டெஸ்ட்டில், செப்டம்பரில், 211 அடித்தார். உங்களுக்கும் எனக்கும் மாற்று ஆள் கிடையாது. திங்கட்கிழமை காலை நம் சீட்டில் நாம்தான் உட்கார வேண்டும்.

★

உள்ளே என்னதான் நடக்கிறது?

மூளை சுமார் 1,300 முதல் 1,400 கிராம். இளநீர் வழுக்கை மாதிரி கொழகொழப்பான வஸ்து. சுற்றிலும் ஒரு காபி டம்ளர் அளவுக்கு, ஏறத்தாழ 150 மில்லி, தெளிந்த திரவம். அதில் மிதந்துகொண்டிருக்கிறது. வண்டி சட்டென்று நின்று நம் தலையும் நின்றால், உள்ளே இருப்பது உடனே நிற்பதில்லை. கொஞ்சம் போய்விட்டுத் திரும்பி வருகிறது. பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள் எல்லாம் முன்னால் சாய்வார்களே, அது மாதிரி.

அந்தக் குலுக்கலில் நரம்பு செல்களின் மெல்லிய இழைகள் இழுபடுகின்றன. செல்லின் சுவரில் இருக்கும் கதவுகள் கண்டபடி திறந்துகொள்கின்றன. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே ஓடுகிறது. வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. இதையெல்லாம் பழையபடி அடுக்கிவைக்க செல்லின் பம்ப்புகள் ராப்பகலாக ஓவர்டைம் செய்ய வேண்டும். ஓவர்டைமுக்குச் சக்தி வேண்டும். சும்மா இருக்கும்போதே மூளை ஒரு செலவாளி. உடம்பின் எடையில் இரண்டு சதவிகிதம், சாப்பிடுவது சக்தியில் இருபது சதவிகிதம். இப்போது செலவு இன்னும் ஏறிவிட்டது. அதே நேரம் பார்த்து மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது.

சம்பளம் வெட்டின மாசத்தில்தான் ஸ்கூல் ஃபீஸும் ஃப்ரிட்ஜ் ரிப்பேரும் சேர்ந்து வரும் இல்லையா, அதுதான் கன்கஷன். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிஸா, ஹோவ்டா என்ற இருவர் 2001-ல் இந்த வரவுசெலவை விளக்கமாக எழுதினார்கள். 'சக்தி நெருக்கடி' என்பது அதன் சாரம்.

சி.டி. ஸ்கேன் ஏன் நார்மல் என்கிறது என்பதும் இப்போது புரியும். ஸ்கேன் பார்ப்பது எலும்பு முறிவையும் ரத்தக் கசிவையும். அவை இல்லை என்று தெரிவது பெரிய நிம்மதிதான். ஆனால் வீட்டைப் போட்டோ எடுத்தால் சுவரில் விரிசல் தெரியும், உள்ளே லோ வோல்டேஜ் என்பது தெரியாது. தலைவலி, தலைசுற்றல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, மறதி, தூக்கம் கெடுவது, சம்பந்தமில்லாமல் எரிச்சல், சம்பந்தமில்லாமல் அழுகை. இதெல்லாம் அந்த லோ வோல்டேஜ்.

★

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸில் ஒரு பையன். பெயர் வேண்டாம், வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைக் கோடு போடாத ஒரு ஸ்பீடு பிரேக்கரில் வண்டியோடு பறந்து இறங்கினான். ஹெல்மெட் இருந்தது, தலையில். ஸ்கேன் நார்மல். நாலாம் நாள் நானும் இன்னொருவரும் ஹார்லிக்ஸ், சாத்துக்குடி சகிதம் பார்க்கப் போனோம்.

ரூமுக்குள் காலை பதினோரு மணிக்கு நடுராத்திரி. ஜன்னலில் அவன் அம்மாவின் பழைய புடவை இரண்டு மடிப்பாகத் தொங்கியது. ஃபேன் சத்தம்கூட வேண்டாமென்று நிறுத்தியிருந்தார்கள். கட்டிலில் போர்வை. போர்வைக்குள்ளிருந்து லேசாக நீல வெளிச்சம். அப்புறம் அடக்கமாக ஒரு 'டுமீல்'.

"என்னப்பா, ரெஸ்ட்டா?"

"ரெஸ்ட்தான் சார்" என்று போர்வை பதில் சொன்னது.

நூறு பேர் பாராசூட்டில் ஒரு தீவில் குதித்து, கடைசி ஆள் மிஞ்சும்வரை ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொள்கிற கேம். ரெஸ்ட்டில் இருக்கிறவன் அதில் பதினேழு பேரைத் தீர்த்திருந்தான்.

அம்மா வாசலில் நின்று புலம்பினார். "டாக்டர் ரெஸ்ட்டுன்னு சொன்னாருங்க. நான் ஜன்னலைக்கூடத் திறக்க விடலை. இவன் என்னன்னா மூளைக்கு எக்சர்சைஸ்ங்கறான். நீங்களாவது சொல்லுங்க தம்பி."

அம்மா அப்பால் போனதும் பையன் எழுந்து உட்கார்ந்தான். குரல் மாறிவிட்டது.

"எக்சர்சைஸ் எல்லாம் இல்லை சார். முன்னாடி மாதிரி சுட முடியுதான்னு பார்க்கறேன். முடியலை. ரெண்டு செகண்டு லேட்டா கை போகுது. பேப்பர்ல ஒரே லைனை நாலு தடவை படிக்கறேன். இப்படியே இருந்துடுமா சார்?"

கூட வந்தவர், "எக்செல் ஷீட்டைப் பார்த்தா என்ன ஆகுது?" என்று கேட்டார்.

"வாந்தி வர மாதிரி இருக்கு."

"அது எனக்கு இருபது வருஷமா இருக்கு" என்றார். பையன் சிரித்தான். பாதி சிரிப்பில் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

அவன் விளையாடிக்கொண்டிருக்கவில்லை. பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். மணிக்கு ஒரு தரம் தனக்குத்தானே பேப்பர் திருத்தி, மணிக்கு ஒரு தரம் ஃபெயில் ஆகிக்கொண்டிருந்தான். கை லேட்டாகப் போவதற்குக் காரணம் மேலே சொன்ன லோ வோல்டேஜ். லோ வோல்டேஜில் கிரைண்டர் ஓட்டிப் பார்த்து, ஓடவில்லையே என்று அழுதால் எப்படி? பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்தில், சின்ன வயசுக்காரர்களுக்கு நாலு வாரத்துக்குள், வோல்டேஜ் தானாகச் சரியாகிவிடுகிறது. சிலருக்கு அதைத் தாண்டியும் இழுக்கும். அவர்களுக்கும் சிகிச்சை உண்டு.

★

அம்மா செய்தது சரியா, பையன் செய்தது சரியா? இரண்டையும் ஆஸ்பத்திரிகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இருட்டு ரூம் வைத்தியம் அந்த அம்மா கண்டுபிடித்ததல்ல. வெளிநாடுகளில் ரொம்ப நாள் அதுதான் வைத்தியமாக இருந்தது. வெளிச்சம் வேண்டாம், புத்தகம் வேண்டாம், பேச்சு வேண்டாம், பட்டுப்புழு மாதிரி கூட்டுக்குள் இரு. அமெரிக்காவில் மில்வாக்கி நகர டாக்டர்கள் அடிபட்ட உடனே வந்த 11 முதல் 22 வயதுக்காரர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஐந்து நாள் கடும் ஓய்வு. இன்னொரு பிரிவுக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாகப் பழைய வாழ்க்கை. 2015-ல் முடிவு வந்தது. கடும் ஓய்வு எடுத்தவர்கள் சீக்கிரம் குணமாகவில்லை. மாறாக, அவர்கள்தான் அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள், அவர்களுக்குத்தான் குறைய நாளானது.

இதில் ஆச்சரியம் இல்லை. ஐந்து நாள் இருட்டில் எதுவும் செய்யாமல் படுத்தால், மனுஷனுக்குக் கவனிக்க ஒன்றே ஒன்றுதான் மிச்சம், தன் தலைவலி. அதை அவன் முழுநேர உத்தியோகமாகக் கவனிப்பான்.

அப்படியானால் பையன் கட்சி ஜெயித்ததா? அதுவும் இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 12 முதல் 25 வயது வரை 125 பேர். பாதிப் பேரிடம், முதல் 48 மணி நேரம் டி.வி., போன், கம்ப்யூட்டர் எதுவும் தொடாதே என்றார்கள். மீதிப் பேரிடம், தொந்தரவு இல்லாதவரை பார்த்துக்கொள் என்றார்கள். 2021-ல் வெளியான முடிவு: பார்க்காதவர்கள் குணமாக நடுவாந்தரமாக மூன்றரை நாள். பார்த்தவர்களுக்கு எட்டு நாள். இதில் வேடிக்கை, 'தொடாதே' என்று சொல்லப்பட்டவர்களும் சுமார் 130 நிமிஷம் தொட்டிருந்தார்கள். அனுமதி கிடைத்தவர்கள் 630 நிமிஷம். போர்வைக்குள் நீல வெளிச்சம் உலகப் பொது வழக்கம்தான் போலிருக்கிறது.

ஆக, முதல் இரண்டு நாள் ஸ்கிரீன் வேண்டாம். அதற்குப் பிறகு? கனடாவில் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்து 2022-ல் எழுதினார்கள். முதல் மாதத்தில், ஸ்கிரீன் ரொம்ப அதிகம் பார்த்தவர்களுக்கும் தொந்தரவு அதிகம், ரொம்பக் குறைவாகப் பார்த்தவர்களுக்கும் தொந்தரவு அதிகம். நடுவில் இருந்தவர்கள் தேவலை. இளவயதுக்காரனுக்குப் போனைப் பிடுங்குவது என்பது சினேகிதர்களையும் சேர்த்துப் பிடுங்குவது. நம் பாட்டிகள் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்றார்கள். அமுதமே கொடுக்காவிட்டாலும் கஷ்டம்தான் என்கிறது கனடா.

சும்மா படுப்பதைவிட நடப்பது நல்லது என்பதும் தெரிந்துவிட்டது. நியூயார்க் மாநிலம் பஃபலோவில், அடிபட்ட சில நாளிலேயே தலைவலியைத் தூண்டாத அளவுக்கு லேசான உடற்பயிற்சி செய்த இளைஞர்கள் 13 நாளில் தேறினார்கள். கை கால் நீட்டி மடக்குவதோடு நிறுத்தியவர்களுக்கு 17 நாள். இது 2019 கணக்கு.

ஏன் கேம் மட்டும் இவ்வளவு படுத்துகிறது என்று கேட்கலாம். துப்பாக்கி கேம் ஒன்றை யோசியுங்கள். கண் இங்கும் அங்கும் தாவ வேண்டும். காது எதிரியின் காலடிச் சத்தம் கேட்க வேண்டும். கை ஓட வேண்டும். நொடிக்கு நொடி முடிவு எடுக்க வேண்டும். தோற்றால் கோபம், ஜெயித்தால் இன்னொரு ஆட்டம். மணி இரண்டு. தூக்கம் போச்சு. குணமாவதற்கு மிகவும் தேவைப்படுவது தூக்கம். ஓவர்டைமில் இருக்கிற பம்ப்புகளைக் கூப்பிட்டு, 'ஒரு கல்யாண வேலை இருக்கு, வா' என்கிற மாதிரி.

மூளைக்குப் பயிற்சி என்று சொல்லி சுடோகு, குறுக்கெழுத்து என்று வரிந்துகட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிர் போட்டால் கன்கஷன் சீக்கிரம் குணமாகும் என்பதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. பொழுது போகப் போடுங்கள். மருந்தாக நினைத்துப் போடாதீர்கள்.

★

இந்த இடத்தில் ஜேன் மெக்கோனிகல் என்ற அமெரிக்கப் பெண்மணியைச் சொல்லியாக வேண்டும். கேம்களை வடிவமைப்பதுதான் அவர் தொழில். 2009-ல் கீழேயிருந்து எழும்போது திறந்து கிடந்த அலமாரிக் கதவில் தலை மோதியது. வண்டி இல்லை, பவுன்சர் இல்லை, வெறும் அலமாரி. கன்கஷன். ஒரு மாதம் ஆகியும் சரியாகவில்லை. படிக்காதே, எழுதாதே, கேம் விளையாடாதே, ஈமெயில் பார்க்காதே, ஓடாதே, காபி குடிக்காதே என்றார் டாக்டர். நம் ஊரில் கடைசி ஒன்றைச் சொன்னாலே டாக்டரை மாற்றிவிடுவோம்.

படுத்த படுக்கையில் அவருக்கு வாழ்வதே எதற்கு என்கிற எண்ணம் வர ஆரம்பித்தது. இதை அவரே பிறகு 2012-ல் டெட் மேடையில் சொன்னார். முப்பத்து நாலாவது நாள் ஒரு முடிவெடுத்தார். விளையாடக் கூடாது என்றால், குணமாவதையே விளையாட்டாக்கிவிடலாம்.

ஸ்கிரீன் கிடையாது, பட்டன் கிடையாது. ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் ஒரு டி.வி. சீரியல் நாயகியைப் பார்த்துத் தனக்கு 'ஜேன், கன்கஷன் ஸ்லேயர்' என்று பெயர் வைத்துக்கொண்டார். ஸ்லேயர் என்றால் சம்ஹாரம் செய்கிறவர். அப்புறம் கூட்டாளி சேர்த்தார். முதலில் இரட்டைச் சகோதரிக்கு போன், பிறகு கணவர். வில்லன்கள் பட்டியல்: கூசும் வெளிச்சம், கூட்டமான இடம். பலம் தருகிறவை பட்டியல்: வளர்ப்பு நாயை ஐந்து நிமிஷம் கொஞ்சுவது, தெருவை ஒரு சுற்று நடந்து வருவது. தினமும் வில்லனிடமிருந்து தப்பித்தால், ஒரு பலம் சேர்த்தால், கூட்டாளி மார்க் போடுவார்.

சில நாளில் மனச்சோர்வு விலகியது. தலைவலி விலகவில்லை, அது ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. இதை அவர் மறைக்கவில்லை. இந்த விளையாட்டுதான் பிறகு 'சூப்பர்பெட்டர்' என்று போனில் வந்தது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், மூன்று வாரத்துக்கு மேலும் கன்கஷன் தீராத இளைஞர்களிடம் வழக்கமான வைத்தியத்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அறிகுறியும் குறைந்தது, நம்பிக்கையும் கூடியது என்று 2017-ல் எழுதினார்கள். சின்ன முயற்சிதான், இருபது பேர்கூட இல்லை. பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் ஜேன் சொன்னதில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. தனியாகக் கிடந்து தன் மூளைக்குப் பரீட்சை வைப்பதை அவர் நிறுத்தினார். இன்னொருவரைக் கூப்பிட்டு ஸ்கோர் எழுதச் சொன்னார்.

நம் வழக்கம் நேர் எதிர். பையன்கள் சொல்ல மாட்டார்கள். "லேசாத்தான் வலிக்குது" என்பான். மூன்றாம் நாள் ஆபீஸ் வருவான், டியூப்லைட்டுக்குக் கீழே மானிட்டரை வெறிப்பான், சாயங்காலம் டீக்கடையில் யார்மீதாவது எரிந்து விழுவான். 'ஆள் மாறிட்டான்பா' என்பார்கள். மாறவில்லை. உள்ளே ஓவர்டைம் நடக்கிறது.

★

சரி, நடைமுறைக்கு வருவோம். 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் உலகத்து விளையாட்டு மருத்துவர்கள் கூடிப் பேசினார்கள், 2023-ல் வெளியிட்டார்கள். விளையாட்டு வீரர்களுக்காகச் சொன்னது. ஸ்பீடு பிரேக்கர் வீரர்களுக்கும் பொருந்தும். அதை ஒட்டி, நம் வீட்டுக்குத் தோதாக:

முதல் இரண்டு நாள் வீட்டில் ஓய்வு. ஜன்னலில் புடவை தேவையில்லை, கண் கூசினால் திரை போதும். சாப்பிடலாம், பேசலாம், வீட்டுக்குள் நடக்கலாம், நன்றாகத் தூங்கலாம். பாட்டு மெதுவாகக் கேட்கலாம். போன் பேசுவதற்கு மட்டும்.

மூன்றாம் நாளிலிருந்து எதையும் 5 முதல் 15 நிமிஷம் என்று ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பேப்பர் படிப்பது, தெருக்கோடிவரை நடப்பது. அம்மாவோடு பல்லாங்குழி, அப்பாவோடு சீட்டு. பந்தயம் வேண்டாம், அப்பாக்கள் பதற்றமாகிவிடுவார்கள். பிறகு டி.வி. பிறகு கம்ப்யூட்டர். போனில் விளையாடுவதென்றால், நிதானமாக யோசித்து நகர்த்துகிற செஸ் மாதிரி ஆட்டம் முதலில், கடிகாரம் வைக்காமல். சுடுகிற ஆட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியில். ராத்திரி எதுவும் வேண்டாம்.

எப்போது நிறுத்துவது? உட்காரும் முன் தலைவலிக்கு 0 முதல் 10-க்குள் ஒரு மார்க் போடுங்கள். ஆபீஸ் அப்ரைசல் மார்க் மாதிரி இல்லாமல் உண்மையான மார்க். விளையாடும்போதோ படிக்கும்போதோ அது இரண்டுக்கு மேல் ஏறினால் உடனே மூடிவிட்டு ஓய்வு. மறுநாள் கொஞ்சம் குறைத்து மறுபடி. லேசாக ஏறி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் கவலை இல்லை, அது மூளை கெட்டுப்போவதன் அடையாளம் அல்ல. இங்கே அம்பயர் உங்கள் தலைவலிதான். ரிவ்யூ கேட்காமல் பெவிலியன் திரும்புங்கள்.

மது கூடாது. டாக்டர் சொல்லும்வரை வண்டி, பந்து விளையாட்டு கூடாது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் விவகாரம் பெரிசாகிவிடும்.

இனி சிரிக்காமல் படிக்க வேண்டிய பகுதி. தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, பேச்சு குழறல், ஒரு கை அல்லது கால் பலவீனம், ஒரு கண்மணி பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருப்பது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீரோ ரத்தமோ வருவது, ஆளைத் தெரியாமல் உளறுவது. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். முன்பு எடுத்த ஸ்கேன் நார்மல் என்பதெல்லாம் அப்போது செல்லாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேசான அடிக்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் தலைசுற்றல், மறதி தொடர்ந்தால் மறுபடி போங்கள். கழுத்து, கண், காதின் சமநிலை இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பயிற்சிகள் உண்டு. எதற்கு வாழ்வது என்கிற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

மேனேஜர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். கால் உடைந்தவன் மாவுக்கட்டோடு வருவான், நாற்காலி போடுவீர்கள். கன்கஷன்காரனுக்குக் கட்டு கிடையாது. முதல் வாரம் அரை நாள் வேலை, நடுவில் அரை மணி ஓய்வு, அந்த மின்னுகிற டியூப்லைட்டுக்குக் கீழே இல்லாத ஒரு சீட். இவ்வளவுதான் கேட்கிறான்.

லீவ் லெட்டர் எழுதுகிறவர்கள் 'கன்கஷன்' என்று எழுத வேண்டாம். அது என்ன என்று கேட்டு ஹெச்.ஆரிலிருந்து மூன்று ஈமெயில் வரும். ஈமெயில் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். 'தலைக்காயம், பத்து நாள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுங்கள்.